சக்கைக்குள் ஒரு சடலம்!

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் அமலா எடுக்கவில்லை.

மூன்று நாள் பந்தோபஸ்து. யாரோ ஒரு பெரிய மனிதர் ஒரகடம் ரோட்டில் புதுத் தொழிற்சாலையைத் திறந்து வைக்க வந்தார். அவர் போகும்வரை அமலா மழையில் நின்றாள். இப்போதுதான் ஷூவைக் கழற்றி, வீங்கிய பாதங்களை மேஜைக்கு அடியில் நீட்டியிருந்தாள். வயது நாற்பத்தேழு. வலது முழங்காலுக்கு மட்டும் எழுபது.

மறுபடி அடித்தது. வெளி மேஜையில் யாரோ எடுத்தார்கள்.

ஒரு நிமிஷம் கழித்து ஹெட் கான்ஸ்டபிள் தாண்டவராயன் தலையை நீட்டினார்.

"மேடம்... பென்னலூர் தாண்டி ஒரு சக்கை கம்பெனி கீது. அங்க ஒரு பொணமாம்."

"சக்கை கம்பெனியா?"

"சோளச் சக்கைய அரைச்சி, கொழந்தைங்க சாப்பாட்டுல கலக்கற பவுடர் பண்றாங்களே மேடம்... தளிரகம் பயோஃபுட்ஸ்."

"ஆக்சிடென்ட்டா?"

"ஆக்சிடென்ட்டுன்னுதான் சொல்றாங்க."

"அப்ப நீங்களே போய்ப் பாருங்களேன் தாண்டவராயன். என்னால முடியல."

"போலாம் மேடம். ஆனா போன்ல பேசுன ஆளு 'ஆக்சிடென்ட்தான், ஆக்சிடென்ட்தான்'னு மூணு தபா சொன்னான்!"

அமலா பெருமூச்சு விட்டு ஷூவைத் தேடினாள்.

---

கேட்டைத் தாண்டியதுமே ஒரு வாசனை. வெந்த சோளமும் கருகிய சர்க்கரையும் கலந்த வாசனை.

ஷெட்டுக்கு அடியில் ஏ ஷிப்ட் ஆட்கள் நாற்பது பேர். பாதிப் பேர் நின்றுகொண்டே தூங்கினார்கள்.

முற்றத்தில் மூன்று சைலோக்கள். அரைத்த சக்கையைக் கொட்டி வைக்கும், மூன்று மாடி உயரத் தகர உருளைகள். மூன்றாவதன் அடியில் தீயணைப்பு வண்டி. அதன் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து, தார்ப்பாயின் மேல்...

வெள்ளைக் கோட்டு. உடம்பு முழுக்க சோளத்தூள். பின்மண்டை உடைந்திருந்தது. கழுத்து, இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"பேரு இனியவன் மேடம்." ஒரு கான்ஸ்டபிள் சொன்னான். "லேப் இன்சார்ஜ். வயசு முப்பத்தொண்ணு."

பிணத்தை முதலில் பார்த்தவள் அன்னக்கிளி. கான்ட்ராக்ட் தொழிலாளி. சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பத்து மணிக்கு ஸ்க்ரூவ ஆன் பண்ணேன் மேடம். சைலோ அடியிலேந்து சக்கைய இஸ்துக்கினு போற மெஷினு அது. கடகடன்னு ஓடிச்சி... அப்பால நின்னுபோச்சி. அடைச்சிக்கிச்சின்னு நெனச்சி, கீழ் கதவத் தொறந்து கம்பியால குத்துனேன். ஒரு ஷூ தெரிஞ்சிச்சி. எவனோ போட்டுட்டான்னு புடிச்சி இஸ்தேன்..."

"ம்..."

"காலும் கூட வந்திச்சி மேடம்!"

"இவரை உயிரோட எப்ப பாத்தே?"

"ஏழு மணி இருக்கும். சாம்பிள் எடுக்க மேல ஏறிக்கினு இருந்தாரு. எறங்குனத நான் பாக்கல." அவள் அமலாவை நிமிர்ந்து பார்த்தாள். "மேடம்... நேத்து ராத்திரி வந்தவ நானு. டபுள் ஷிப்ட்டு. வூட்டுக்குப் போலாமா?"

"கொஞ்சம் இரும்மா."

"இருக்கறேன். நின்னுக்கினே இருந்தாதான் தூக்கம் வருது, அதான் குந்திக்கினேன்."

மேனேஜர் வந்தார். பேச்சிராஜ். ஐம்பத்தேழு வயது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இங்க என்ன சார் செய்றீங்க? சுருக்கமா சொல்லுங்க."

"மணி உதுத்த மக்காச்சோளக் கட்டை மேடம். பெரம்பலூர், அரியலூர் பக்கம் காட்டுல போட்டு எரிக்கிற சக்கை. அதை இங்க அரைச்சு, ஆவியில வேகவச்சு, என்சைம் போட்டு வெட்டுனா ஒரு தினுசு சர்க்கரை கெடைக்கும். நமக்குச் செரிக்காது. ஆனா குடல்ல இருக்க நல்ல கிருமிக்கு அதான் சாப்பாடு. ப்ரீபயாடிக்னு சொல்லுதோம்."

"நமக்குச் செரிக்காதத நம்பளுக்கே வித்து, கிருமிக்கு சோறு போடறீங்க!" தாண்டவராயன் வியந்தார். "போன ஜென்மத்துல புண்ணியம் பண்ண கிருமி சார்!"

பேச்சிராஜ் சிரிக்கவில்லை.

"எப்படி விழுந்தார்?"

"மேல மேன்ஹோல் இருக்கு மேடம். அதைத் தொறந்துதான் சாம்பிள் எடுப்பாம். மழை பெய்ஞ்சு வழுக்குச்சு. ஆக்சிடென்ட்தான்."

"நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஒம்பது இருக்கும்."

அமலா சைலோவை அண்ணாந்து பார்த்தாள். வெளிப்பக்கம் சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படி. முழங்கால் இப்போதே முனகியது.

"எத்தனை படி?"

"அம்பத்திரெண்டு மேடம்."

"மேடம், நான் வேணா ஏறிப் பாக்கட்டா?" என்றார் தாண்டவராயன்.

"வாங்க. ரெண்டு பேருமே சாவலாம்!"

ஏறினார்கள். ஒவ்வொரு பத்துப் படிக்கும் நின்றார்கள். உச்சியில் காற்று அடித்தது. தூரத்தில் தொழிற்சாலைக் கூரைகள், வரிசை வரிசையாகப் புதுக் கார்கள், நடுவே சேறு கட்டிய ஏரி.

அமலா எதையும் பார்க்கவில்லை. மேன்ஹோலைத்தான் பார்த்தாள்.

மூடி... மூடியிருந்தது! மேலே தாழ்ப்பாளும் போட்டிருந்தது!

கைப்பிடியை எட்டிப் பிடித்துக் கீழே கத்தினாள்.

"ஃபயர் சர்வீஸ்! உங்க ஆளுங்க யாராவது மேல வந்தாங்களா?"

"இல்ல மேடம்! கீழ் கதவு வழியாதான் எடுத்தோம்! நாங்க வந்ததுலேந்து மேல யாரும் ஏறல!"

அமலா மூச்சு வாங்கினாள்.

"தாண்டவராயன்... உள்ள விழுந்தவன் வெளியில தாழ்ப்பாள் போடுவானா?"

"போட மாட்டான் மேடம்." தாண்டவராயன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "அவ்ளோ பொறுப்பான ஸ்டாஃப் எந்த கம்பெனிலயும் கெடையாது!"

---

லேபில் ஒரே ஒருத்தி. பிரவீனா. இருபத்துநாலு வயது. படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து போகிறவள். கழுவிய கண்ணாடிக் குடுவையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதை வைம்மா. உக்காரு."

உட்கார்ந்தாள். குடுவையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனியவனுக்கு யார் மேலயாவது பயம் இருந்துச்சா?"

அவள் குடுவையைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"பிரவீனா... அவரு தானா விழல. யாரோ கொன்னிருக்காங்க!"

குடுவை நழுவி விழுந்து உடைந்தது.

"எனக்குத் தெரியும் மேடம்!" அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "நான்தான் காரணம்... நான் அவர்கிட்ட சொல்லியே இருக்கக் கூடாது!"

"எதை?"

"பதினஞ்சு நாளா பவுடரை எரிச்சு டெஸ்ட் பண்ணா சாம்பல் ஜாஸ்தியா வந்துச்சு மேடம். கலர் வேற ஒரு மாதிரி. சைலோ மூணுலேந்து கொஞ்சம் தூள் எடுத்து மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாத்தேன். பாதி சோளமே இல்ல. மரம்!"

"மரமா?"

"இங்க கார் கம்பெனிங்களுக்கு ஃபாரின்லேந்து பார்ட்ஸ் வருதுல்ல... அந்த மரப்பெட்டி, அதுக்கு அடியில வைக்கிற பேலட் பலகை. பூச்சி வராம இருக்க விஷப்புகை போட்டிருப்பாங்க. ஆயில் ஊறியிருக்கும். ஸ்க்ராப் ஐயனார்னு ஒருத்தர் அதை அரைச்சு, எங்க பாய்லர்ல எரிக்கக் கொண்டு வருவாரு. எரிக்கிற தூளு மேடம் அது! சைலோவுக்குள்ள எப்படிப் போச்சுன்னே தெரியல."

"மரத்துலேந்து அந்த சர்க்கரை வராதே. உடனே மாட்டிக்குவாங்களே?"

"வரும் மேடம்! மரத்துலயும் வரும். அதான் ஆபத்தே. சர்க்கரை டெஸ்ட்ல பாஸ் ஆயிடும். ஆனா அது கூடவே என்னென்ன வருதுன்னு எந்த டெஸ்ட்லயும் பாக்க மாட்டாங்க. பேபி சீரியலுக்குப் போற பவுடர் மேடம்!"

"இதை யார்கிட்ட சொன்னே?"

"இனியவன் சார்கிட்ட மட்டும்தான். சனிக்கிழமை. 'நான் பாத்துக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத'ன்னாரு. இன்னிக்கி திங்கள்..." அவள் கீழே கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள். "அவருக்கே மூச்சு இல்ல."

அமலா எழுந்து அவள் தோளில் கை வைத்தாள். ஆறுதல் சொல்ல ஏதாவது வார்த்தை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. இந்த இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எல்லா வார்த்தைகளையும் செலவு செய்தாகிவிட்டது.

ஒரு நேர்மையான பையன். முப்பத்தொரு வயது. உண்மையைச் சொல்லப் போனான்... கொன்றுவிட்டார்கள்!

---

முதலாளி எழிலரசன் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். காரைவிட்டு இறங்கும்போதே கேட்டார்.

"லைன் எப்ப ஸ்டார்ட் பண்ணலாம் மேடம்?"

"உங்க லேப் இன்சார்ஜ் செத்துட்டார்."

"வெரி சேட். ஃபேமிலிய நாங்க பாத்துக்கறோம். லைன் எப்ப ஸ்டார்ட் பண்ணலாம்?"

அமலா அவரையே பார்த்தாள்.

"மூணாவது சைலோவுல அரைச்ச பவுடர் எங்க?"

"நாலு டன். பேபி சீரியல் கம்பெனியோட ஃபர்ஸ்ட் ஆர்டர். காலைல ஏழு மணிக்கே லாரி கெளம்பிடுச்சு. பெங்களூர்."

அமலா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நிறுத்துங்க!"

"வாட்?"

"அந்த லாரிய நிறுத்துங்க! அதுல மரத்தூள் இருக்கு!"

எழிலரசன் முகம் மாறவில்லை. "ப்ரூஃப் இருக்கா?"

டிரைவர் நம்பருக்குப் போட்டார்கள். ஸ்விட்ச் ஆஃப்! அமலா கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டாள். லாரி நம்பரைச் சொன்னாள். கிருஷ்ணகிரிவரை எல்லா டோல்கேட்டுக்கும் ரோந்து வண்டிக்கும் தகவல் போனது.

மணி பன்னிரண்டே கால். ஐந்து மணி நேரம் ஓடியிருந்தால் லாரி இந்நேரம் கிருஷ்ணகிரியைத் தொட்டிருக்கும்!

அதற்குள் தாண்டவராயன் ஸ்க்ராப் ஐயனாரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை. நெற்றி நிறைய விபூதி. அதற்கு மேல் வியர்வை.

"மேடம், சாமி சத்தியமா நான் கொல பண்ணல!"

"கொலைன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

"இவரு வண்டில வரச்சே சொன்னாரு மேடம்!" ஐயனார் தாண்டவராயனைக் காட்டினான்.

தாண்டவராயன் வானத்தைப் பார்த்தார்.

"மரத்தூளை சைலோவுல கொட்டுனது யாரு?"

"நான்தான் மேடம். ஆனா கொட்டச் சொன்னது லேப் சாரு!"

"செத்தவன் மேல பழி போடறியா?"

"பழி இல்ல மேடம்... அவரு கொரலே கீது!"

செல்போனை எடுத்தான். வாட்ஸ்அப்பைத் தேடி அழுத்தினான்.

இனியவனின் குரல். இளமையான, சிரித்த குரல்.

*"ஐயனாரே, மழைல பெரம்பலூர் லோடு இன்னிக்கும் வரல. லைன் நிக்கக் கூடாது. உங்க மரத்தூளை இன்னும் நைஸா அரைச்சு மூணாவது சைலோவுல கொட்டிடுங்க. டெஸ்ட்டை நான் பாத்துக்கறேன். புது யூனிட்டுக்கு நான் ஹெட் ஆனதும் உங்களை மறக்க மாட்டேன்!"*

அமலா மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் கேட்டாள்.

*டெஸ்ட்டை நான் பாத்துக்கறேன்...*

பிரவீனாவிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான். *நான் பாத்துக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத...*

நேர்மையான பையன்!

அமலா பக்கத்திலிருந்த படியில் உட்கார்ந்துவிட்டாள். சாதாரண உட்காரல் இல்லை. கயிறு அறுந்த மூட்டை மாதிரி உட்கார்ந்தாள்.

"மேடம், இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. காலைலேந்து ஒருத்தனுக்காக மனசுல அழுதுட்டு இருந்தேன். அவன்தான் விஷம் வச்சவன்."

"அப்ப இவன்தான் கொன்னானா? பங்குல சண்ட?" தாண்டவராயன் ஐயனாரின் சட்டையைப் பிடித்தார்.

"அய்யோ! காலைல ஆறரைலேந்து ஒம்போது வரைக்கும் நான் கார் கம்பெனி கேட்டுக்குள்ள மரம் ஏத்திக்கினு இருந்தேன்! கேட் பாஸ் பாருங்க... போட்டோ, டைம் எல்லாம் கீது!"

இருந்தது. உள்ளே போன நேரம் 6.31. வெளியே வந்த நேரம் 9.04.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"மேடம்... லாரி கெடைச்சிடுச்சு. ஓவர்!"

"எங்க? கிருஷ்ணகிரியா?"

"சுங்குவார்சத்திரம் மேடம்!"

---

பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை!

ஹைவே ஓரம், ஒரு லாட்ஜுக்கும் டீக்கடைக்கும் நடுவே லாரி சும்மா நின்றிருந்தது. தார்ப்பாய் கட்டு அவிழவில்லை. சீல் உடையவில்லை. கேபினுக்குள் டிரைவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏசுவடியான். ஊர் நாசரேத். எழுப்பியதும் காக்கியைப் பார்த்துப் பதறினார்.

"நான் ஒண்ணும் செய்யல மேடம்! நிக்கச் சொன்னாங்க, நிக்கேன்!"

"யார் நிக்கச் சொன்னது?"

"மேனேஜர் சார்தாம் மேடம். பேச்சிராஜ் சார்."



"எப்ப?"

"காலைலயே! ஏழு மணிக்கு கேட்டை விட்டேன். இங்க டீக்கு ஒதுக்குனேன். போன் வந்துச்சு. 'எங்க இருக்க? அங்கயே ஓரங்கட்டு. நான் சொல்லாம ஒரு அடி நகரக் கூடாது. முதலாளியே சொன்னாலும் நகரக் கூடாது'ன்னாவ. பேசும்போது சார் அழுத மாதிரி இருந்துச்சு மேடம். பொறவு போன்ல சார்ஜ் போயிட்டு. நானும் ரெண்டு நாளா வண்டி ஓட்டுன அசதி... கண்ண மூடிட்டேன்."

போனை ஜீப்பில் சார்ஜ் போட்டுப் பார்த்தார்கள். கடைசி அழைப்பு, பேச்சிராஜ். காலை 7.42!

ஜீப் திரும்பியது. வைப்பர் கிரீச் கிரீச்சென்று ஆடியது.

தாண்டவராயன்தான் ஆரம்பித்தார்.

"பொணம் கெடச்சதே பத்து மணிக்கு மேல."

"ம்."

"மரம் கலந்த விஷயம் அந்தப் பொண்ணுக்கும் இனியவனுக்கும் ஐயனாருக்கும்தான் தெரியும்."

"ம்."

"ஒம்பது மணிக்கு வந்தேன்னு சொன்ன மனுஷன், ஏழே முக்காலுக்கு லாரிய நிறுத்தியிருக்காரு..."

"இனியவன் ஏழு மணிக்கு மேல ஏறினான். அவரும் ஏறியிருக்கார்." அமலா கண்ணை மூடிக்கொண்டாள். "மேல வச்சுத்தான் அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

தாண்டவராயன் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார்.

"மேடம்... அந்த போனை மட்டும் போடாம வுட்டிருந்தாருன்னா?"

"நாலு டன் விஷம் கொழந்தைங்க வயித்துக்குள்ள போயிருக்கும்."

"அத கேக்கல மேடம். அவரு மாட்டியிருப்பாரா?"

"மாட்டியிருக்க மாட்டார்."

---

தளிரகம் முற்றத்தில் புதிதாக ஒரு ஜீப். உணவுப் பாதுகாப்புத் துறை என்று எழுதியிருந்தது. இரண்டு அதிகாரிகள் மூன்றாவது சைலோவின் அடியில் பாட்டில்களில் தூளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

அமலா இன்னும் அவர்களைக் கூப்பிடவே இல்லை!

சைலோவின் முதல் படியில் பேச்சிராஜ் உட்கார்ந்திருந்தார். அமலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பெருமூச்சு விட்டார்கள்.

"இவங்கள யார் சார் கூப்பிட்டது?"

"நான்தான் மேடம். ஒம்பது அம்பதுக்கு மெயில் போட்டேன்."

"லாரி கெடைச்சிடுச்சு."

அவர் தலையாட்டினார். "சீல் உடையலையே?"

"இல்ல."

"நல்லது." சட்டைப் பைக்குள் கை விட்டு எதையோ எடுத்து நீட்டினார்.

ஆணிகள்! கை நிறையத் துருப்பிடித்த ஆணிகள்.

"காலைல ஆறரைக்கே வந்துட்டேன். சைலோவுக்குப் போற பாதையில ஒரு காந்தம் இருக்கு. இரும்பு கிடந்தா புடிச்சுக்கிடும். அதைத் துடைக்கப் போனேன். இது ஒட்டியிருந்துச்சு. சோளத்துல ஆணி வெளையுமா மேடம்?"

அமலா ஓர் ஆணியை எடுத்துப் பார்த்தாள்.

"மேல அவம் நின்னாம். ஏறிப் போய்க் கேட்டேன். மறைக்கக்கூட இல்ல. சிரிச்சாம். 'சார், பதினோரு பேட்ச்லயும் என் கையெழுத்துக்கு மேல உங்க கையெழுத்து இருக்கு. மாட்டுனா ரெண்டு பேரும்தான். பேசாம இருங்க'ன்னாம்."

"அதுக்குக் கோவம் வந்துச்சா?"

"இல்ல மேடம். அதுக்கு வெக்கம்தான் வந்துச்சு. படிச்சுப் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். தினம் பதினாலு மணி நேரம்... எதைப் படிக்க?" பேச்சிராஜின் குரல் இறங்கியது. "எம் பேத்திக்கு எட்டு மாசம். இவந்தான் ரெண்டு டப்பா குடுத்தாம். 'பாப்பா வயித்துக்கு நல்லது சார், கஞ்சியில கலந்து குடுங்க'ன்னு. குடுத்து முடிச்சாச்சு. அது எந்த பேட்ச்னு கேட்டேன். மரத்துக்கு முந்தியா, பிந்தியான்னு கேட்டேன். யோசிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதாம்... 'ஞாபகம் இல்ல சார்'!"

அவர் உள்ளங்கை சரிந்தது. இரண்டு ஆணிகள் கீழே விழுந்தன.

"ஞாபகம் இல்லையாம் மேடம்! நெஞ்சுல கை வச்சு ஒரு தள்ளு... ஒரே ஒரு தள்ளுதான். பின்னாடி மேன்ஹோல் தொறந்து கெடந்தது கண்ணுல இருந்துச்சு, புத்தியில இல்ல. சைலோ முக்கால்வாசி காலி. டார்ச் அடிச்சுப் பாத்தேன். கழுத்து திரும்பிருச்சு."

"மூடியை ஏன் சார் மூடினீங்க?"

"முப்பது வருஷ சேஃப்டி பழக்கம். தொறந்து கெடந்தா கை தானா மூடிரும்."

"ஏன் உடனே போலீஸுக்கு வரல?"

"கொலைகாரன் எழுதுன புகாரை யாரு மேடம் படிப்பா? அதான் புகாரை முதல்ல அனுப்பிட்டு வரலாம்னு இருந்தேன். மெயில் அடிச்சு முடிச்சு எறங்கி வாறதுக்குள்ள அன்னக்கிளி சுவிட்சைப் போட்டுட்டா." அவர் அமலாவின் முகத்தைப் பார்த்தார். "பொய் சொன்னது தப்புதான். அந்த சாம்பிள் சீல் ஆகுத வரைக்கும் மட்டும் இருந்துக்கிடுதேன். நான் போயிட்டா முதலாளி சைலோவைக் கழுவிருவாரு."

முதுகுக்குப் பின்னால் ஷூ சத்தம்.

எழிலரசன்!

"மேடம், ஒரு நிமிஷம். நான் எல்லாத்தையும் கேட்டேன்." குரல் குழைந்தது. "ஏன் இதை காம்ப்ளிகேட் பண்ணிக்கணும்? மூடியை ஃபயர்காரங்க மூடினாங்க. ஆக்சிடென்ட். பேச்சிராஜ் புகாரை வாபஸ் வாங்கிடுவார். அவரும் வீட்டுக்குப் போலாம், பேத்திய பாக்கலாம். நீங்களும் ரொம்ப டயர்டா இருக்கீங்க மேடம்..."

பேச்சிராஜ் முதலாளியைப் பார்க்கக்கூட இல்லை.

"வாபஸ் கிடையாது சார்" என்றார்.

அமலா படியைப் பிடித்து எழுந்தாள். முழங்கால் மளுக்கென்றது.

"டயர்டாதான் இருக்கேன் எழிலரசன் சார். அதனால ஒரு தடவைதான் சொல்வேன். ரெண்டாவது தடவை சொல்ல எனக்கு சக்தி இல்ல, கைதான் பேசும்! தள்ளி நில்லுங்க. போன்லயும் யார்கிட்டயும் பேசக் கூடாது. நீங்களும் ஸ்டேஷனுக்கு வரணும்."

"நானா? எதுக்கு?"

"லாரிய நிறுத்தச் சொன்னப்ப ப்ரூஃப் கேட்டீங்களே... அதுக்கு!"

அரைமணி நேரம் ஆனது. அமலா மறுபடி பேச்சிராஜ் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். யாரோ டீ கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் குடித்தார்கள்.

"பேத்தி எப்படி சார் இருக்கா?"

"சிரிச்சுட்டுத்தாம் இருக்கா மேடம். வெளிய பாத்தா நல்லாத்தாம் இருக்கா."

"நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. அந்தக் காலி டப்பாவையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. பின்னாடி பேட்ச் நம்பர் இருக்கும்."

பேச்சிராஜ் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருஷம் ஆலையில் இருந்த மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை.

பாட்டில்களுக்கு அரக்கு வைத்து, சாக்குநூல் சுற்றி, லேபிள் ஒட்டினார்கள். அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். புகார்தாரர் என்று இருந்த இடத்தில் பேச்சிராஜ் கையெழுத்துப் போட்டார். இந்த முறை முழுக்கப் படித்துவிட்டுப் போட்டார்.

பிறகு எழுந்து, இரண்டு கைகளையும் அமலாவிடம் நீட்டினார்.

"விலங்கெல்லாம் வேணாம் சார். சும்மா வாங்க."

ஷெட்டின் கீழே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பிரவீனா லேப் வாசலில் அப்படியே உறைந்திருந்தாள். அன்னக்கிளி ஓடி வந்து ஜீப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம்... நாளைக்கி ஷிப்ட்டு உண்டா?"

அமலா அவள் கையை மெல்ல விடுவித்து ஜீப்பில் ஏறினாள்.

---

சாயங்காலம் ஆறு மணி. ஸ்டேஷன்.

எழிலரசனின் வக்கீல் வாசலில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். உள்ளே பெஞ்சில் பேச்சிராஜ் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். பல நாள் தூங்காத மனுஷனின் தூக்கம்.

தாண்டவராயன் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரைத் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார்.

"மேடம்..."

"என்ன?"

"ரெண்டு எஃப்.ஐ.ஆர் போடணும்ல? மொத கேஸு... குற்றம் சாட்டப்பட்டவர், பேச்சிராஜ். போட்டாச்சி. ரெண்டாவது கேஸு, கலப்படம்... புகார்தாரர், அதே பேச்சிராஜ். அதே அட்ரஸு, அதே போன் நம்பரு."

"போடுங்க."

"போட்டுக்கினுதான் கீறேன். சிஸ்டத்துக்கு ஒண்ணும் புரியல மேடம், சுத்திக்கினே கீது. ஹேங் ஆயிடும் போல கீது!"

அமலா மேஜையில் தலையைச் சாய்த்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"கம்ப்யூட்டர் ஹேங் ஆனா பரவாயில்ல தாண்டவராயன்... அந்த மனுஷன் தூக்குல தொங்காம பாத்துக்கலாம்!"